எனக்குத் தெரிந்த ஒரு பெண்

வேலாயுதம் எழுதிய கட்டுரைகளில் அதிகம் பேர் பாராட்டியது அவருடைய மகளைப் பற்றியதுதான். மகள் என்று அவர் எங்கும் குறிப்பிடவில்லை. "எனக்குத் தெரிந்த ஒரு பெண்" என்றுதான் தொடங்கியிருந்தார்.

அவர் பெரிய எழுத்தாளர் இல்லை. மைசூரு ஹெப்பாள் தொழிற்பேட்டையில் பம்பு உதிரிபாகங்கள் செய்யும் தொழிற்சாலையில் தரப் பரிசோதகர். இருபத்தெட்டு வருட சர்வீஸ், ஐம்பத்து நான்கு வயது. சொந்த ஊர் கோபிநத்தத்துக்குப் பக்கம். வெர்னியரையும் மைக்ரோமீட்டரையும் வைத்துக்கொண்டு ஒரு நாளைக்கு நானூறு உருப்படிகளை அளந்து, சரியானதை ஒரு பக்கமும் சரியில்லாததை ஒரு பக்கமும் வைப்பது அவருடைய வேலை. கொரோனாவில் தொழிற்சாலை மூடிக் கிடந்த இரண்டு மாதங்களில் பொழுது போகாமல் தன் இளமைக் காலத்தைப் பற்றி இரண்டு பக்கம் எழுதி, தெரிந்தவர்களுக்கு வாட்ஸப்பில் அனுப்பினார். அது நகரத்துத் தமிழர்கள் நடத்தும் ஒரு சின்ன மாத இதழின் ஆசிரியர் கந்தசாமியின் கைக்குப் போயிற்று. கந்தசாமி வங்கியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். "நல்லா எழுதறீங்க. மாசம் ஒண்ணு குடுங்க" என்றார். "அன்றும் இன்றும்" என்ற பகுதி அப்படித்தான் ஆரம்பமாயிற்று.

அன்று நல்லது, இன்று கெட்டது. எல்லாக் கட்டுரைகளும் ஏறக்குறைய இப்படித்தான் போகும். ஆறு மைல் நடந்து பள்ளிக்கூடம் போனது, பாலாறு சோதனைச் சாவடியில் பஸ்ஸை அரைநாள் நிறுத்தி வைத்தாலும் முகம் சுளிக்காமல் உட்கார்ந்திருந்தது, ஒரு சட்டையை மூன்று தம்பிகள் போட்டுக்கொண்டது எல்லாம் அவற்றில் வரும். கடைசிப் பத்தியில் இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு ஒரு குட்டு. "எங்கள் தலைமுறையிடம் பொறுமை இருந்தது. இந்தத் தலைமுறையிடம் இருப்பது போனில் சார்ஜ் மட்டும்தான்" என்று ஒருமுறை எழுதினார். அந்த வரியை நிறைய பேர் ஸ்டேட்டஸில் வைத்தார்கள். தொழிற்சாலையில் அவரை யாரும் பெயர் சொல்லித் தேடி வந்ததில்லை. தமிழ்ச் சங்கத்து விழாக்களிலோ, "நீங்கதானா அது?" என்று கையைப் பிடித்துக்கொண்டார்கள். அது அவருக்குப் பிடித்திருந்தது.

மகள் வைஷாலிக்கு இருபத்தைந்து வயது. மைசூரிலேயே பொறியியல் படித்து, பெங்களூரில் ஒரு மென்பொருள் கம்பெனியில் சோதனைப் பிரிவில் சேர்ந்தாள். பதினான்கு மாதம் வேலை பார்த்தாள். போன வருஷம் ஜூன் மாதம் ஒரு வெள்ளிக்கிழமை இரண்டு பைகளோடு மைசூரு மேட்டகள்ளி வீட்டுக்கு வந்து, "வேலைய விட்டுட்டேன்" என்றாள்.

"ஏன்?"

"முடியல அப்பா."

"வேற வேலை கெடச்சிருச்சா?"

"இல்ல."

அவள் அறைக்குள் போய்ப் படுத்தாள். இரண்டு மாதம் ஏறக்குறைய அப்படியே போயிற்று. பதினொரு மணி வரை தூக்கம். சாப்பாட்டுத் தட்டு அறைக்குள் போகும், பாதி சோறோடு வெளியே வரும். வேலாயுதம் காலை ஷிப்டுக்கு ஐந்தரைக்குக் கிளம்பும்போது அவள் அறைக்கதவு மூடியிருக்கும். திரும்பி வரும்போதும் மூடியிருக்கும். அந்தக் கதவைப் பார்க்கும்போதெல்லாம் அவருக்குள் எரிச்சல் மூண்டது. அந்த எரிச்சலுக்கு அடியில் பயமும் இருந்திருக்க வேண்டும். அதை அவர் கிளறிப் பார்க்கவில்லை.

ஆகஸ்டில் ஒரு நாள் இன்சூரன்ஸ் காகிதம் ஒன்றைத் தேடி அவளுடைய அலமாரியைத் திறந்தார். அவள் அப்போது அம்மாவோடு வெளியே போயிருந்தாள். அலமாரிக் கதவின் உட்பக்கம் ஒரு தாள் ஒட்டியிருந்தது. "இந்த மாத இலக்குகள்" என்று ஆங்கிலத்தில் தலைப்பு. எட்டு மணிக்குள் எழுந்திருப்பது. குளிப்பது. ஒரு வேளையாவது அம்மாவோடு உட்கார்ந்து சாப்பிடுவது. குக்கரஹள்ளி ஏரியை ஒரு சுற்று நடப்பது. ஒருவருக்காவது போன் செய்வது. பக்கத்தில் நாள்வாரியாகச் சின்னச் சின்னக் கட்டங்கள். சிலவற்றில் டிக், பலவற்றில் ஒன்றுமில்லை.

முதலில் அவருக்குச் சிரிப்பு வந்தது. பிறகு கோபம் வந்தது. அன்று சாயங்காலமே உட்கார்ந்து எழுதினார்.

"எனக்குத் தெரிந்த ஒரு பெண். வயது இருபத்தைந்து. படிப்பு இருக்கிறது, சம்பளம் இருந்தது, பெற்றோர் இருக்கிறார்கள். அவளுடைய இந்த மாத இலக்கு என்ன தெரியுமா? குளிப்பது! அந்த வயதில் எங்கள் இலக்கு தங்கைக்குக் கல்யாணம், தம்பிக்குப் படிப்பு, மழைக்கு ஒழுகாத ஒரு கூரை. எடுத்த வேலையை நாங்கள் விட்டதில்லை. வேலைதான் எங்களை விட வேண்டும். இந்தத் தலைமுறையோ கொஞ்சம் அழுத்தினால் உடைந்துவிடுகிறது." இப்படியே இரண்டு பக்கம் போயிற்று.

செப்டம்பர் இதழில் அது வந்தது. அக்டோபரில் நடந்த சங்கத்து ஆண்டு விழாவில் கந்தசாமி அதை மேடையில் மைக் பிடித்துப் படித்தார். "குளிப்பது" என்ற இடத்தில் ஒரு நொடி நிறுத்தினார். மண்டபமே சிரித்தது. முன் வரிசையில் இருந்த ஒருவர் திரும்பி, வேலாயுதத்தைப் பார்த்துக் கட்டை விரலை உயர்த்தினார். பெண்கள் பக்கம் உட்கார்ந்திருந்த அவர் மனைவி சித்தம்மா எழுந்து வெளியே போனாள். கை கழுவப் போகிறாள் என்று அவர் நினைத்துக்கொண்டார்.

வீட்டுக்குத் திரும்பும் வழியில் ஸ்கூட்டரின் பின்னாலிருந்து அவள் கேட்டாள். "ஏனுங்க, அது நம்ம புள்ள எழுதி ஒட்டி வெச்சதுதானுங்களே?"

"பேரு போடலியே."

"பேரு போடாட்டி?"

"அவளுக்குத் தமிழ் படிக்கத் தெரியாது சித்து. அவ எங்க இதைப் பாக்கப் போறா?"

உண்மைதான். வைஷாலி தமிழ் பேசுவாள். படித்ததெல்லாம் கன்னடமும் ஆங்கிலமும். பஸ் பலகையில் இருக்கும் தமிழைக்கூட எழுத்துக் கூட்டித்தான் வாசிப்பாள்.  வீடு வரும் வரை சித்தம்மா அவருடைய தோளைப் பிடித்துக்கொள்ளவில்லை.

நவம்பரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை அவர் குளித்துவிட்டு வெளியே வரும்போது சமையலறையில் ஒரு பெண்குரல் கேட்டது. ஏற்ற இறக்கமில்லாத, ஒவ்வொரு சொல்லையும் வெட்டி வெட்டிச் சொல்லும் குரல். யாரோ ரேடியோ வைத்திருக்கிறார்கள் என்று நினைத்தார். "இந்தத் தலைமுறையோ கொஞ்சம் அழுத்தினால் உடைந்துவிடுகிறது" என்றது குரல். தன் வாக்கியம் என்று தெரிந்ததும் முதலில் அவருக்கு மனம் குளிர்ந்தது. தலையைத் துவட்டிக்கொண்டே அடுத்த வரிக்காகக் காத்திருந்தார். அப்புறம்தான் புரிந்தது.

கொள்ளேகாலில் இருக்கும் சித்தி மகள் அனுப்ரியா, "இது யாரைப் பத்தின்னு தெரியுதா அக்கா?" என்று கட்டுரையை வைஷாலிக்கு அனுப்பியிருந்தாள். வைஷாலி அதைப் போனிலேயே வாசிக்க வைத்திருந்தாள். போன் சமையல் மேடைமேல் கிடந்தது. அவள் சுவரில் சாய்ந்து நின்றுகொண்டிருந்தாள். அவரைப் பார்த்ததும் நிறுத்துவாள் என்று எதிர்பார்த்தார். அவள் நிறுத்தவில்லை. கடைசி வரி வரை ஓடவிட்டாள். ஆசிரியர் பெயரையும் அந்தக் குரல் படித்தது.

"அம்மணி, அது வந்து..." என்றார் அவர்.

"எங்க டீம்ல பதினோரு பேர் இருந்தோம்" என்றாள் வைஷாலி. குரலில் கோபம் இல்லை. யாருக்கோ வழி சொல்வதுபோல் சொன்னாள். "ஏழு பேர வேலைய விட்டு எடுத்துட்டாங்க. மிச்சம் நாலு பேர். நான் மூணு பேர் வேலை செஞ்சேன். ஒரு நாள், ரெண்டு நாள் இல்ல, ஏழு மாசம். கடைசில ஸ்க்ரீன்ல இருக்கற எழுத்தெல்லாம் நகர ஆரம்பிச்சுது. பஸ்ல ஏறினா மூச்சு அடைக்கும். பாதி வழியில கெங்கேரில இறங்கி ரோட்டோரம் உக்காந்திருக்கேன். ரெண்டு வாரம் லீவு கேட்டேன். மேனேஜர் என்ன சொன்னார் தெரியுமா?"

அவர் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டார்.

"உங்க ஜெனரேஷனே இப்படித்தான், கொஞ்சம் அழுத்தினா உடஞ்சிடுவீங்கன்னார். அன்னிக்கேதான் பேப்பர் போட்டேன். அவர் இங்கிலீஷ்ல சொன்னார். நீங்க தமிழ்ல எழுதியிருக்கீங்க. அவ்வளவுதான்."

"எங்கிட்டச் சொல்லியிருக்கலாமே கண்ணு."

"நீங்க கேட்டது ஒரே கேள்விதான். வேற வேலை கெடச்சுதான்னு."

போனை எடுத்துக்கொண்டு அவள் அறைக்குப் போனாள். அந்தப் பட்டியல் டாக்டர் எழுதச் சொன்னது என்று சித்தம்மா சொல்லித்தான் அவருக்குத் தெரிந்தது. வியாழக்கிழமைதோறும் தாயும் மகளும் பஸ் பிடித்துப் போய்ப் பார்த்துவிட்டு வந்த மனநல மருத்துவர். நான்கு மாதமாக நடந்திருக்கிறது. தன்னிடம் ஏன் மறைத்தார்கள் என்று அவர் சத்தம் போட்டார். சித்தம்மா பாத்திரத்தைத் துலக்கிக்கொண்டே, "சொல்லியிருந்தா அதுக்கும் ஒரு கட்டுரை எழுதியிருப்பீங்க" என்றாள்.

அந்த வாரமே வைஷாலி சரஸ்வதிபுரத்தில் தன் தோழி தன்மயியின் அறைக்குப் போய்விட்டாள். சண்டை எதுவும் போடவில்லை. அதே இரண்டு பைகள். அலமாரிக் கதவிலிருந்த தாளை மட்டும் கிழிக்காமல் பசையோடு உரித்து எடுத்துக்கொண்டு போயிருந்தாள்.

வேலாயுதம் முதல் சில நாள் நியாயம் பேசினார். எழுத்தென்றால் அப்படித்தான், நாலு பேருக்கு உறைக்கத்தான் எழுதுவது, பெயரைப் போட்டேனா, ஊரைப் போட்டேனா. ஒரு ராத்திரி சாப்பிடும்போது, "நாங்க எல்லாம் எடுத்த வேலையை இப்படி விட்டுப்போட்டு வந்து படுத்தோமா?" என்றார்.

சித்தம்மா குழம்புக் கரண்டியைக் கீழே வைத்தாள். "பட்டு மில்லுல நீங்க எத்தன மாசம் இருந்தீங்க?"

"எந்தப் பட்டு மில்லு?"

"மைசூருக்கு வந்த மொத வருசம். மூணு மாசத்துல ஊருக்கு ஓடியாந்தீங்களே. எனக்குப் பதிமூணு வயசு. உங்கப்பா எங்கூட்டு வாசல்ல நின்னுட்டு, இந்தக் காலத்துப் பசங்களுக்கு முதுகெலும்பே இல்லன்னு எங்கய்யன்கிட்டச் சத்தம் போட்டது எனக்கு நல்லா ஞாபகம் இருக்குது."

சித்தம்மா அவருக்கு மாமன் மகள். பக்கத்து ஊர்க்காரி. பொய் சொல்ல மாட்டாள். அவர் கையைச் சோற்றில் வைத்தபடியே உட்கார்ந்திருந்தார். பட்டுக்கூடு வேகும் அந்த நாற்றம் முதலில் நினைவுக்கு வந்தது. அப்புறம் அந்தக் கூடத்து நீராவி, ஷிப்டு முடியும் முன் இரண்டு முறை வாந்தி எடுத்தது, ஒரு நாள் தொட்டி ஓரத்தில் மயங்கி விழுந்தது. யாருக்கும் சொல்லாமல் கொள்ளாமல் மாதேஸ்வரன் மலை பஸ்ஸில் ஏறியது. வீட்டில் அப்பா கேட்டபோது "புடிக்கல" என்று ஒரே வார்த்தை சொன்னது. எட்டு மாதம் ஊரில் சும்மா இருந்தார். பிறகுதான் மறுபடி மைசூர், ஒரு லேத் பட்டறை, கடைசியாக இந்தத் தொழிற்சாலை.

அதை அவர் மறைக்கவில்லை. நிஜமாகவே மறந்துபோயிருந்தார். "எடுத்த வேலையை நாங்கள் விட்டதில்லை" என்று எழுதும்போது அவர் மனதில் பொய் இல்லை. அதுதான் அவரை அதிகம் கலக்கியது. பொய் சொல்லியிருந்தால் திருத்திக்கொள்ளலாம். இத்தனை வருடமாகத் தன்னைப் பற்றித் தானே நம்பி வந்தது தப்பாக இருந்தால் இன்னும் எதெல்லாம் தப்பு என்று எங்கே போய்ப் பார்ப்பது?

கந்தசாமியிடம் போனார். அடுத்த இதழில் மன்னிப்பு ஒன்று போட வேண்டும் என்றார். கந்தசாமி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"யோசிச்சுப் பாருங்க வேலாயுதம். இப்ப பாதிப் பேருக்குத்தான் அது யாருன்னு தெரியும். மன்னிப்புப் போட்டீங்கன்னா மீதிப் பேருக்கும் தெரிஞ்சு போயிடும்."

அவர் சொன்னது சரியாகத்தான் இருந்தது. மகளையே கேட்டுவிடலாம் என்று தீர்மானித்தார். போன் செய்தால் அவள் எடுப்பதில்லை. அவள் காலையில் ஏரிக்கு நடக்கப் போவதாகச் சித்தம்மா சொல்லியிருந்தாள். டிசம்பரில் ஒரு நாள் லீவு போட்டுவிட்டு ஏழு மணிக்குக் குக்கரஹள்ளி ஏரிக்கரைக்குப் போனார். தூரத்தில் அவள் வருவது தெரிந்தது. அவரைப் பார்த்தும் அவள் திரும்பிப் போகவில்லை. வேகத்தைக் குறைக்கவும் இல்லை. அவர் பக்கத்தில் சேர்ந்து நடந்தார். பாதிச் சுற்று தாண்டியதும் சொன்னார்.

"நான் எழுதுனது தப்பு அம்மணி. இதழ்லயே அதை எழுதிடறேன். நீ சரின்னு சொன்னாப் போதும்."

"நன்ன பக்கே பரீபேடி அப்பா" என்றாள் அவள்.

என்னைப் பற்றி எழுதாதீர்கள் என்று கன்னடத்தில். அவர் ஒரு கணம் நின்றுவிட்டார். வீட்டில் அவரோடும் அம்மாவோடும் தமிழ், வெளியே கன்னடம். சின்ன வயதிலிருந்தே அதுதான் அவளுடைய வழக்கம். தோழிகளோடு பேசிக்கொண்டிருக்கும்போதுகூட இவரிடம் திரும்பினால் தானாகத் தமிழுக்கு மாறுவாள்.

"நல்லதாத்தான் எழுதுவேன்."

நல்லதாகவும் வேண்டாம், கெட்டதாகவும் வேண்டாம் என்று அவள் கன்னடத்திலேயே சொன்னாள். அவருடைய மன்னிப்பைப் படித்துவிட்டு ஊரில் நாலு பேர், எவ்வளவு பெரிய மனது என்று அவரைப் பாராட்டுவார்கள், அதைத் தன்னால் தாங்க முடியாது என்றாள். பிறகு, மூச்சு வாங்குகிறது, மெதுவாக நடக்கலாமா என்று கேட்டாள். மெதுவாக நடந்தார்கள். ஏரி வாசலில் அவள் வலது பக்கம் திரும்பிப் போனாள். அவர் ஸ்கூட்டர் பக்கம் வந்தார்.

அவள் கேட்டபடியே செய்தார். ஜனவரி இதழில் பட்டு மில்லைப் பற்றி எழுதினார். மயங்கி விழுந்தது, ஓடியது, அப்பா சொன்னது, எட்டு மாதம் சும்மா இருந்தது. மகளைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. "எங்கள் தலைமுறை என்று நான் எழுதியதெல்லாம் எனக்கு ஞாபகம் இருந்ததை மட்டும்தான்" என்று முடித்தார். அந்தக் கட்டுரையை யாரும் ஸ்டேட்டஸில் வைக்கவில்லை. பொங்கல் விழாவில் ஒருவர் தோளில் தட்டி, "என்ன வேலாயுதம், வயசாயிட்டுதா? பழைய காரம் இல்லையே" என்றார். இரண்டு பேர் மட்டும் தனியாகக் கூப்பிட்டுப் பேசினார்கள். ஒருவர் தன் மகனும் வேலையை விட்டுவிட்டு வீட்டில் இருப்பதாகச் சொன்னார். பிப்ரவரியிலிருந்து "அன்றும் இன்றும்" வரவில்லை.

ஏப்ரலில் தொழிற்சாலையில் வழக்கம்போல, வரும் வருஷத்து இலக்கை எழுதித் தரச் சொல்லும் படிவம் வந்தது. ஒவ்வொரு வருஷமும் அதில் "கொடுத்த வேலையைச் சரியாகச் செய்வது" என்று எழுதிக் கொடுத்துவிடுவார். இந்த முறை, ஒரு மணி நேரத்துக்கும் மேல் வெறுந்தாளாக வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். தனக்காக ஒன்றை விரும்பிக் குறித்துப் பல வருஷம் ஆயிற்று என்பது அப்போதுதான் தெரிந்தது. பரிசோதனைப் பிரிவில் புதிதாகக் கம்ப்யூட்டரில் அளவெடுக்கும் இயந்திரம் வந்திருந்தது. அதில் பயிற்சி வேண்டும் என்று எழுதினார்.

பணியாளர் பிரிவில் இருந்த பவனுக்கு இருபத்தொன்பது வயது. நல்ல மரியாதையான பையன். "சார், இது நாப்பத்தஞ்சு வயசுக்குக் கீழ இருக்கறவங்களுக்குன்னு வெச்சிருக்கோம்" என்று கன்னடத்தில் சொன்னான். "இன்னும் நாலு வருஷம்தானே சார், நிம்மதியா இருங்க. எதுக்கு டென்ஷன்?"

வேலாயுதத்துக்குக் கன்னம் சுட்டது. இரண்டு நாள் யாரோடும் சரியாகப் பேசவில்லை. மூன்றாம் நாள் தாளை எடுத்து, "பெரியவர்களை மதிக்கத் தெரியாத இந்தக் காலத்து இளைஞர்கள்" என்று எழுத ஆரம்பித்தார். மூன்று வரி வந்தது. பவனைப் பற்றி அவருக்கு என்ன தெரியும்? அவன் எந்த ஊர், வீட்டில் யார் யார், அந்த வயது வரம்பை அவன் வைத்தானா மேலே இருக்கிறவர்கள் வைத்தார்களா, எதுவும் தெரியாது. தாளைக் கசக்கிப் போட்டுவிட்டு மறுநாள் போய் மறுபடி கேட்டார். பவன் மேலே பேசி ஓர் இடம் வாங்கிக் கொடுத்தான்.

ஆறு வாரப் பயிற்சி. திரையில் கோடுகளும் எண்களும் வேகமாக மாறின. வகுப்பில் இருந்த மற்றவர்கள் ஒருமுறை கேட்டதை அவர் மூன்று முறை கேட்க வேண்டியிருந்தது. தேர்வில் அறுபது எடுத்தால் தேர்ச்சி. அவர் நாற்பத்தாறு எடுத்தார். மற்ற ஒன்பது பேரும் தேறினார்கள். பட்டியல் ஒட்டிய அன்று கேன்டீனில் யாரோ, ஐம்பது தாண்டினால் இதெல்லாம் தலையில் ஏறாது என்று சொன்னது அவர் காதில் விழுந்தது. தட்டை எடுத்துக்கொண்டு வேறு மேஜைக்குப் போனார். வீட்டில் வந்து சித்தம்மாவிடம் சொல்ல அவருக்கு மூன்று நாள் ஆயிற்று. "மறுபடி எழுத விடுவாங்களா?" என்று அவள் கேட்டாள். செப்டம்பரில் இன்னொரு முறை இருக்கிறது என்றார். "அப்ப எழுதுங்க" என்றாள்.

வைஷாலி இப்போது ஞாயிற்றுக்கிழமைகளில் மதியச் சாப்பாட்டுக்கு வருகிறாள். அம்மாவோடு தமிழில் பேசுகிறாள். அவரிடம் இன்னும் கன்னடம்தான். மாத்திரை பாதியாகக் குறைந்திருக்கிறது. சில ஞாயிறுகளில் வருவதாகச் சொல்லிவிட்டு வருவதில்லை. அந்த நாட்களில் சித்தம்மா சாப்பிடாமல் காத்திருப்பாள். வேலாயுதமும் காத்திருப்பார். இரண்டு மணிக்கு மேல் இருவரும் தட்டுப் போட்டுக்கொள்வார்கள்.

போன ஞாயிறு வந்தாள். ரசத்தை ஊற்றிக்கொண்டே, நஞ்சன்கூட்டில் ஒரு பள்ளிக்கூடத்தில் கம்ப்யூட்டர் ஆசிரியை வேலை கிடைத்திருக்கிறது, திங்கட்கிழமை சேருகிறேன் என்று பொதுவாகச் சொன்னாள். பெங்களூரில் வாங்கியதில் மூன்றில் ஒரு பங்குச் சம்பளம். சித்தம்மாவின் முகம் மலர்ந்தது. எத்தனை நாளைக்கு இது என்ற கேள்வி வேலாயுதத்தின் நாக்கு நுனி வரை வந்தது. படித்த படிப்புக்கு இதுதானா என்று இன்னொன்றும் கூடவே வந்தது. அவர் தண்ணீர் குடித்தார்.

"எத்தனை பிள்ளைங்க ஒரு கிளாஸ்ல?" என்று கேட்டார்.

வைஷாலி நிமிர்ந்து பார்த்தாள். அந்தப் பார்வையில் இன்னும் சந்தேகம்தான் இருந்தது. அவர் இதை எதற்காகக் கேட்கிறார் என்று யோசிப்பதுபோல் சோற்றைப் பிசைந்தாள்.

"நாப்பது பேர்" என்றாள். தமிழில்தான். தெரிந்து சொன்னாளா, வாய் தவறி வந்ததா என்று அவருக்குப் பிடிபடவில்லை. சித்தம்மா அப்பளத் தட்டை நடுவில் வைத்தாள்.